முதல் செல் எங்கிருந்து வந்தது? செல் கோட்பாட்டைக் கண்ணால் கண்டு கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்தில் சனிக்கிழமை மாலைகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். செல் பாடம் தொடங்கி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஆண்டு தவறாமல் யாராவது ஒரு பிள்ளை கை தூக்கும். "டீச்சர், எல்லாச் செல்லும் ஏற்கனவே உள்ள செல்லிலிருந்துதான் வரும் என்று படித்தோமே, அப்படியானால் முதல் செல் எங்கிருந்து வந்தது?"

நான் படித்த காலத்தில் இதே கேள்வியைக் கேட்டேன். "அது பாடத்திட்டத்தில் இல்லை, உட்கார்" என்று பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன், கேள்வி மட்டும் உட்காரவில்லை. உயிரினங்கள் செல்களால் ஆனவை, செல்லே உயிரின் அடிப்படை அலகு, செல் செல்லிலிருந்தே வரும் என்ற செல் கோட்பாட்டின் மூன்று வரிகளையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அந்த மூன்று வரிகளும் எப்படிக் கிடைத்தன, எங்கே வரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று தெரிந்தால்தான் மேற்படி கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். அதற்கான வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். நுண்ணோக்கி ஒன்று, சமையலறைப் பொருள்கள் சில, இரண்டு வாரப் பொறுமை, இவை போதும்.

முதல் படி: புத்தகத்தை மூடிவைத்து, வெங்காயத்தை எடுங்கள்

பெரும்பாலான பள்ளிகளில் வெங்காயத்தின் உட்புறத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயம் போட்டுக் காட்டுவார்கள். கட்டம் கட்டமாகத் தெரியும். பிள்ளைகள் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது போதாது என்பது என் கருத்து. சாயம் போட்ட தோலில் செல்லின் வடிவம் தெரிகிறதே தவிர, அது உயிரோடு இருக்கிறது என்பது தெரிவதில்லை.

ஊதா நிறப் பெரிய வெங்காயம் ஒன்றை நான்காக வெட்டுங்கள். சருகை நீக்கிவிட்டுச் சதைப்பற்றுள்ள ஓர் ஏட்டை எடுத்து, அதன் வெளிப்பக்கத்திலிருந்து ஊதாத் தோலை மெல்லியதாக உரியுங்கள். நகக்கண் அளவு போதும். கண்ணாடி வில்லையில் (ஸ்லைடில்) ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தோலை மடிப்பில்லாமல் விரித்து, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்கி மூடுங்கள். சாயமே வேண்டாம். 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் விளிம்பு முதல் விளிம்பு வரை ஊதா நிறத்தால் நிறைந்திருக்கும். அந்த நிறம் செல்லின் நடுவே உள்ள பெரிய வாக்குவோலில், அதாவது சாறு நிறைந்த பையில், இருக்கிறது.

இப்போது அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் இரண்டு சொட்டு உப்புநீர் விடுங்கள். எதிர் ஓரத்தில் உறிஞ்சுதாளை வையுங்கள்; உப்புநீர் அடியில் இழுபட்டு வரும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஊதாப் பரப்பு மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் கட்டம் கட்டமாகவே இருக்க, உள்ளே உள்ள ஊதா சுருங்கி உருண்டையாகி நிற்கும். வெளியே நிற்கும் கட்டம் செல் சுவர். உள்ளே சுருங்கிய ஊதாவைச் சுற்றியிருப்பது செல் சவ்வு. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. உப்புநீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரைச் செலுத்தினால் ஊதா மறுபடியும் விரிந்து சுவரைத் தொடும்.

அதே வெங்காயத் தோலை ஐந்து நிமிடம் வேகவைத்துவிட்டு இதைச் செய்துபாருங்கள். நிறம் தண்ணீரில் கசிந்துவிடும். சுருங்குவதற்கும் விரிவதற்கும் அங்கே ஒன்றும் இருக்காது. சுவர் அப்படியே நிற்கிறது; சவ்வு சிதைந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் மண்டிகளில் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவி அடுக்கிவைப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். உப்பு தோலின் நீரை இழுத்துவிடுகிறது. அழுகவைக்கும் பாக்டீரியாவின் நீரையும் இழுத்துவிடுகிறது. வில்லையில் வெங்காயத்துக்கு நடப்பது அங்கே நுண்ணுயிருக்கு நடக்கிறது.

இரண்டாம் படி: யார் எதைப் பார்த்தார்கள் என்று வரிசைப்படுத்துங்கள்

1665ஆம் ஆண்டு லண்டனில் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேன்கூட்டைப் போன்ற சிற்றறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் செல் என்று பெயரிட்டார். ஒரு கன அங்குலத் தக்கையில் 125 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டார். ஆனால் தக்கை என்பது இறந்த திசு. அவர் பார்த்தது நீங்கள் வேகவைத்த வெங்காயத்தில் மிஞ்சிய சுவரைப் போன்றதுதான்.

உயிருள்ள தனிச் செல்லை முதலில் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த அந்தோனி வான் லீவன்ஹுக். துணியின் நூல் நெருக்கத்தைப் பார்க்க அக்கால வியாபாரிகள் லென்ஸ் வைத்திருப்பார்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறிகள் ஓடும் தெருக்களில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். லீவன்ஹுக் தானே லென்ஸ் தேய்த்தார். ஒரே லென்ஸ் கொண்ட அவருடைய கருவிகளில் எஞ்சியிருப்பவற்றுள் மிகச் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். 1674இல் ஏரித் தண்ணீரில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1683இல் தம் பல் இடுக்கின் அழுக்கில் பாக்டீரியாவைக் கண்டு எழுதினார்.

அதன்பின் நெடுங்காலம் கடந்து, 1831இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடிகளின் செல்களில் உட்கருவைக் கண்டு பெயரிட்டார். 1838இல் மத்தியாஸ் ஷ்லைடன், தாவரங்கள் அனைத்தும் செல்களால் ஆனவை என்றார். 1839இல் தியோடோர் ஷ்வான் விலங்குகளும் அப்படியே என்றார். பாடநூல்கள் இந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. நீங்கள் இங்கேதான் நிற்க வேண்டும்.

ஏனென்றால், செல்கள் எப்படி உண்டாகின்றன என்பதில் இருவரும் தவறினார்கள். கரைசலில் உப்புப் படிகம் திரள்வதைப் போல, ஒரு திரவத்தில் முதலில் உட்கரு திரண்டு அதைச் சுற்றிப் புதிய செல் உருவாகிறது என்று ஷ்லைடன் நம்பினார். ஷ்வானும் அதை ஏற்றார். முதல் இரண்டு வரிகளைச் சரியாகச் சொன்னவர்கள் மூன்றாவதில் சறுக்கினார்கள். ராபர்ட் ரீமாக் என்பவர் வளரும் கருக்களில் செல்கள் பிரிவதை ஆண்டுக்கணக்கில் கவனித்து, செல் பிரிந்துதான் செல் வருகிறது என்று 1852இல் எழுதினார். 1855இல் ருடால்ஃப் விர்ச்சோ "ஆம்னிஸ் செல்லுலா இ செல்லுலா", அதாவது செல் ஒவ்வொன்றும் செல்லிலிருந்தே என்ற வாக்கியத்தைப் பரப்பினார். பெயர் விர்ச்சோவுக்கு நிலைத்தது. ரீமாக்கின் பெயரையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அவருக்கு அது சேர வேண்டும்.

விர்ச்சோ ஒரு நோய்க்கூறியல் மருத்துவர். நோய் என்பது செல்களில் நிகழும் மாற்றம் என்று 1858இல் நூலாகவே எழுதினார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மக்கள் வந்து, பயாப்சி முடிவுக்காகக் காந்தி ரோடு விடுதிகளில் காத்திருப்பதை நாம் அறிவோம். சிறு துணுக்குச் சதையை வெட்டிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பதன் அடிப்படை அந்த மூன்றாவது வரிதான். புற்றுநோய்ச் செல் வெளியிலிருந்து வந்த பொருள் அல்ல. நம் உடலின் செல் ஒன்று கட்டுப்பாடு இழந்து பிரிந்ததன் வழி வந்தது.

மூன்றாம் படி: மூன்று வரிகளையும் அவற்றின் எல்லையையும் எழுதுங்கள்

உயிரினங்கள் எல்லாம் ஒன்று அல்லது பல செல்களால் ஆனவை. செல்லே உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு. புதிய செல் ஏற்கனவே உள்ள செல்லிலிருந்து தோன்றுகிறது. இவ்வளவுதான் கோட்பாடு.

எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைரஸுக்குச் செல் அமைப்பு இல்லை. இன்னொரு செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். நம் முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கரு இல்லை. எலும்புத்தசை நார் ஒன்றில் பல உட்கருக்கள் உண்டு. மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் உள்ளன. அனைத்தும் கருவுற்ற ஒரே முட்டையின் வழித்தோன்றல்கள்.

நான்காம் படி: வைக்கோல் நீரில் பாஸ்டரின் வழக்கை நடத்திப் பாருங்கள்

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றும் என்ற நம்பிக்கை, அதாவது தான்தோன்றல் கொள்கை, பழமையானது. 1668இல் ஃபிரான்செஸ்கோ ரெடி, மெல்லிய துணியால் மூடிய இறைச்சியில் புழு வருவதில்லை என்று காட்டினார். புழுவுக்கு ஈ முட்டையிட வேண்டும் என்பது தெளிவானது. ஆனால் நுண்ணுயிர் விஷயத்தில் வழக்கு இருநூறு ஆண்டுகள் இழுத்தது. ஏன் இழுத்தது என்பதை நீங்களே செய்து பார்த்தால்தான் புரியும்.

ஒரு கைப்பிடி வைக்கோலை நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவையுங்கள். துணியில் வடித்து, பிறகு வடிதாளில் வடியுங்கள். இளம்பொன் நிறத்தில் தெளிந்த நீர் கிடைக்கும். நான்கு சோதனைக் குழாய்களில் பாதியளவு ஊற்றுங்கள்.

முதல் குழாயை எதுவும் செய்யாமல் திறந்துவையுங்கள். இரண்டாவதைப் பஞ்சால் அடைத்து, கொதிநீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மூன்றாவதையும் நான்காவதையும் பஞ்சால் அடைத்து, பஞ்சின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒரு டம்ளரில் நிறுத்தி, அடியில் தண்ணீர் ஊற்றிய பிரஷர் குக்கரில் வையுங்கள். விசில் வந்தபின் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். அழுத்தம் தானாக இறங்கும்வரை குக்கரைத் திறக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மறுநாள் நான்காவது குழாயின் பஞ்சை மட்டும் எடுத்துவிடுங்கள். எல்லாவற்றிலும் தேதி எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை, குழாய்க்குப் பின்னால் அச்சிட்ட தாளைப் பிடித்து எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துக் குறியுங்கள்.

முதல் குழாய் இரண்டே நாளில் கலங்கும். நான்காவது, திறந்த சில நாள்களில் கலங்கும். மூன்றாவது தெளிவாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது இரண்டாவது குழாய். பெரும்பாலும் அதுவும் கலங்கிவிடும்.

முதன்முறை நான் இதை வகுப்பில் செய்தபோது பிரஷர் குக்கர் பயன்படுத்தவில்லை. கொதிக்கவைத்தால் போதும் என்று எண்ணினேன். சித்திரை மாத வேலூர் வெயில் காலம். மூன்றாம் நாள், பஞ்சு அடைத்த குழாயும் பால் கலந்ததுபோல் கலங்கி நின்றது. "டீச்சர், அப்படியானால் உயிர் தானாகத்தானே வந்திருக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிரவு மறுபடி படித்தபோதுதான், அந்தச் சிறுமியின் நிலையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் பலரும் நின்றார்கள் என்பது உறைத்தது.

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்னக் கழுத்துக் குடுவையில் ஈஸ்ட் கலந்த சர்க்கரை நீரைக் கொதிக்கவைத்தார். வளைந்த கழுத்து வழியே காற்று போகும். தூசியும் நுண்ணுயிரும் வளைவிலேயே தங்கிவிடும். நீர் தெளிவாகவே இருந்தது. குடுவையைச் சாய்த்து வளைவின் தூசி நீரில் படும்படி செய்தால் கலங்கியது. 1862இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது. ஆனால் உயிர் தானே தோன்றும் என்று வாதிட்ட அவருடைய எதிராளி பூஷே பயன்படுத்தியது வைக்கோல் நீர். வைக்கோலில் ஒட்டியிருக்கும் பேசிலஸ் வகைப் பாக்டீரியா, சூழல் கெடும்போது தடித்த உறையுள்ள ஸ்போராக மாறிக்கொள்ளும். 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர் அதைக் கொல்வதில்லை. ஃபெர்டினாண்ட் கோன் 1876இல் இந்த ஸ்போரை விளக்கினார். ஜான் டின்டால் 1877இல், விட்டுவிட்டுப் பலமுறை கொதிக்கவைத்து அதை ஒழிக்கும் முறையைக் கண்டார். முதல் கொதிப்புக்குப்பின் ஸ்போர் முளைக்கும். முளைத்தது அடுத்த கொதிப்பில் சாகும். குக்கரில் வெப்பம் 120 டிகிரியை ஒட்டிப் போவதால் ஒரே தடவையில் வேலை முடிகிறது.

ஆகவே இரண்டாவது குழாய் கலங்கினால் சோதனை தோற்றுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அதைத் தவிர்க்காமல் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முடிந்தபின் எல்லாக் குழாய்களையும் மறுபடி குக்கரில் வேகவைத்த பிறகே கொட்டுங்கள். முகர்ந்தோ சுவைத்தோ பார்க்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

இப்போது கை தூக்கிய பிள்ளைக்கு வருவோம். இன்று செல் எப்படி வருகிறது என்பது ஒரு கேள்வி, முதல் செல் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. பாஸ்டர் நிரூபித்தது, இன்றைய பூமியில், கிருமி நீக்கிய நீரில் சில வாரங்களில் உயிர் தோன்றாது என்பதை. பூமி உருவாகிச் சுமார் 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொடக்க காலப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் வாயு இல்லை எனும் அளவுக்குக் குறைவு. இன்று ஒரு குட்டையில் புரதம் போன்ற பொருள் தானாக உண்டானாலும் உடனே ஏதேனும் உயிர் அதைத் தின்றுவிடும், உயிர்கள் தோன்றுமுன் அப்படி இருந்திருக்காது என்று சார்லஸ் டார்வின் 1871இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தின்ன ஆளில்லாத குளம், கோடிக்கணக்கான ஆண்டு அவகாசம். பாஸ்டரின் குடுவைக்குள் இவை இரண்டும் இல்லை.

அலெக்சாண்டர் ஓபாரின் 1924இலும், ஜே.பி.எஸ். ஹால்டேன் 1929இலும் தனித்தனியே இந்த வழியில் சிந்தித்தார்கள். ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானவர்.

ஒரு செல் தோன்ற என்னென்ன தேவை என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கட்டுமானப் பொருள் எங்கிருந்து? 1952இல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர், ஹெரால்ட் யூரியின் வழிகாட்டலில், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் ஊடே மின்பொறி பாய்ச்சினார். ஒரு வாரத்தில் நீர் நிறம் மாறியது. கிளைசின், அலனைன் உள்ளிட்ட அமினோ அமிலங்கள் கிடைத்தன. தொடக்க காலக் காற்று அந்தக் கலவையைப் போன்றதல்ல, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் மிகுந்தது என்பதே பிற்காலத்தில் பலரும் ஏற்ற கருத்து. ஆனாலும் 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. இந்தப் பொருள்களை உண்டாக்க உயிர் தேவையில்லை என்பது உறுதி.

எல்லை எப்படி வந்தது? வெங்காயச் செல்லில் சுருங்கி விரிந்த அந்தச் சவ்வை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை நீரை வெறுக்கும். நீரில் விட்டால் வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாக இரட்டை வரிசையில் அடுக்கிக்கொண்டு, தாமாகவே குமிழாக மூடிக்கொள்ளும். மர்ச்சிசன் கல்லிலிருந்து பிரித்த பொருள்களே இப்படிக் குமிழாவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

தகவல்? இங்கேதான் முட்டையா கோழியா என்ற சிக்கல். டி.என்.ஏ.வை நகலெடுக்கப் புரதம் வேண்டும். புரதம் செய்ய டி.என்.ஏ.வின் தகவல் வேண்டும். ஆர்.என்.ஏ. தகவலையும் தாங்கும், நொதியைப் போல வினையும் புரியும் என்று தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் கண்டறிந்தார்கள். 1989இல் நோபல் பரிசு பெற்றார்கள். ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் நோபல் பெற்ற மூவருள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். நம் செல்களில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமில், அமினோ அமிலங்களை இணைக்கும் மையம் ஆர்.என்.ஏ.வால் ஆனது. பழைய வீட்டை இடித்துக் கட்டியும் பூசையறைத் தூணை மட்டும் மாற்றாமல் விட்டதுபோல, ஆர்.என்.ஏ. ஆண்ட காலத்தின் எச்சமாகவே பலரும் இதைக் காண்கிறார்கள்.

இது நடந்தது ஆழ்கடல் வெந்நீர் ஊற்றிலா, நனைந்தும் காய்ந்தும் வந்த நிலக்குட்டையிலா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. உயிரற்ற பொருள்களிலிருந்து முழுமையான ஒரு செல்லை இதுவரை எந்த ஆய்வகமும் உண்டாக்கவில்லை. இதை ஒளிக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். காலம் மட்டும் ஓரளவு தெளிவு. மேற்கு ஆஸ்திரேலியாவில், நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான ஸ்ட்ரோமடோலைட் பாறைகளில் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நுண்ணுயிர்த் தடங்கள் உள்ளன. வேலூரைச் சுற்றி நிற்கும் மலைகளின் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதுடையவை. கோட்டைக்கு எதிரே தெரியும் குன்று உருவாவதற்கு நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே செல் பிரியத் தொடங்கிவிட்டது.

ஆறாம் படி: வேலம்பாசி இலையில் விருந்தாளியைப் பாருங்கள்

முதல் செல்களுக்கு உட்கரு இல்லை. உட்கருவுள்ள செல் மிகவும் பிற்பட்டது. ஏரியிலோ மீன் தொட்டியிலோ கிடைக்கும் வேலம்பாசியின், அதாவது ஹைட்ரில்லாவின், நுனியிலிருந்து இளம் இலை ஒன்றைக் கிள்ளி, விளக்கொளியில் பத்து நிமிடம் வைத்துவிட்டு 400 மடங்கில் பாருங்கள். இலை இரண்டே அடுக்குச் செல் தடிமன் உள்ளது, வெட்ட வேண்டியதில்லை. பச்சை மணிகள் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக நகரும், தேர் வீதி சுற்றுவதுபோல.

அந்தப் பச்சை மணிதான் பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்); அது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பாக்டீரியா. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படி உள்ளே வந்த பாக்டீரியாவே. லின் மார்குலிஸ் 1967இல் இதை விரிவாக வாதிட்டு எழுதினார். இரண்டுக்கும் சொந்த டி.என்.ஏ. உண்டு, ரைபோசோம் பாக்டீரியா வகை, சுற்றிலும் இரட்டைச் சவ்வு, பாக்டீரியாவைப் போலவே இரண்டாகப் பிரிந்து பெருகும். செல்லால் மைட்டோகாண்ட்ரியாவைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. உங்கள் உடலில் உள்ளவை தாயின் முட்டையிலிருந்து வந்தவை. அவை பாட்டியிடமிருந்து வந்தவை. விர்ச்சோவின் வரி இங்கே செல்லுக்குள்ளேயும் பொருந்துகிறது.

ஏழாம் படி: விடைத்தாளில்

ஐந்து மதிப்பெண் வினாவில் ஷ்லைடன், ஷ்வான், விர்ச்சோ மூவரையும் ஆண்டோடு எழுதுங்கள். ஷ்லைடனின் பிழையை ஒரு வரியில் சேருங்கள். செல் கோட்பாடு, உயிரின் தோற்றம் இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். தான்தோன்றல் கொள்கையும், ஓபாரின் சொன்ன படிப்படியான வேதிப் பரிணாமமும் ஒன்று என்று எழுதினால் அது பிழை; முன்னது நாள்கணக்கில் புழு வரும் என்றது, பின்னது கோடிக்கணக்கான ஆண்டுகளில் மூலக்கூறுகள் கூடியதைப் பேசுகிறது. மூன்றாவது வரியை எழுதும்போது "இன்றைய புவிச்சூழலில்" என்ற இரு சொற்களை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.